லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற முடியுமா? லூமியனில் திணறும் 1650-க்கு ஒரு பதில்

கேட்டவர் காரைக்குடியில் ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் வேலை பார்க்கும் தம்பி. பழைய நகரத்தார் வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலைகளுக்கு ஸ்கெட்ச்அப்பில் (3டி வரையும் மென்பொருள்) மாடல் போட்டு, லூமியனில் (மாடலை நிஜப் படம் போலாக்கும் மென்பொருள்) ரெண்டர் எடுக்கிறார். லேப்டாப்பில் கோர் ஐ5 11400ஹெச் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் (4 ஜிபி மெமரி), 8 ஜிபி ரேம். ஒரு அறையை மட்டும் போட்டால் ஓடுகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று முழு வீட்டையும் ஏற்றினால் படம் தத்தித் தத்தி நகர்கிறது. சில நேரம் லூமியன் தானாக மூடிக்கொள்கிறது. "கார்டை மட்டும் எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஆர்டிஎக்ஸ் போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள், முடியுமா அண்ணே?" என்பது கேள்வி.

முடியாது தம்பி. டெஸ்க்டாப்பில் கார்டு என்பது தனிப் பலகை. ஸ்லாட்டில் செருகி, திருகை முடுக்கி, பவர் கேபிளைக் குத்தினால் வேலை முடிந்தது. உங்கள் லேப்டாப்பில் அப்படி ஒரு பலகையே இல்லை. 1650 சிப், அதைச் சுற்றியுள்ள மெமரி சிப்புகள், அவற்றுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் காயில்கள் எல்லாமே நேராக மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டவை. சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள், பிஜிஏ என்பார்கள். சுவரோடு சேர்த்துக் கட்டிய நிலைவாசல் மாதிரி: நிலையை மட்டும் பெயர்க்கலாம் என்று கை வைத்தால் சுவரும் கூடவே வரும்.

அப்படியானால் கடைக்காரர் எதைச் செய்து தருவதாகச் சொல்கிறார்? அதை அவரிடமே தெளிவாகக் கேளுங்கள். பிஜிஏ மெஷினில் சூடேற்றிச் சிப்பை எடுத்து வேறு சிப் வைப்பது எத்தனையோ சர்வீஸ் கடைகளில் நடக்கும் வேலைதான். ஆனால் அது ரிப்பேர் வேலை. செத்துப்போன 1650-ஐ எடுத்துவிட்டு இன்னொரு 1650 வைப்பார்கள். அந்த இடத்தில் ஆர்டிஎக்ஸ் வைப்பது வேறு கதை. உருண்டைகளின் வரிசை ஒத்துப்போனால்கூட மெமரி சிப்புகள் மாற வேண்டும், கூடுதல் வாட்டைத் தாங்கும் மின்பகுதி வேண்டும், அந்தச் சிப்பை அடையாளம் கண்டு இயக்கும் சிறு மென்பொருள், அதாவது விபயாஸ், போர்டின் பயாஸுக்குள் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் திரையே வராது. இதற்கு நடுவில் ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் போர்டு லேசாக வளைந்தாலே பக்கத்திலுள்ள மெமரி சிப்பின் இணைப்பு விட்டுப்போகும். வேலை செய்துகொண்டிருக்கும் போர்டை இதற்குக் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் சொன்னது மதர்போர்டையே மாற்றுவதாக இருந்தால், அது நேர்மையான வேலை, பேசிப் பார்க்கலாம். ஒரே மாடல் பெயரில், ஒரே உடலில், 1650 போட்டும் ஆர்டிஎக்ஸ் 3050 அல்லது 3060 போட்டும் விற்ற லேப்டாப்புகள் உண்டு. உங்கள் மாடல் அப்படிப்பட்டதானால் பெரிய சிப் உள்ள போர்டை வாங்கி அதே உடலில் உட்காரவைக்கலாம். ஆனால் போர்டு மட்டும் போதாது. ஹீட்சிங்க் அந்தப் போர்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். செம்புக் குழாய்களின் எண்ணிக்கையே வேறாக இருக்கும். 3060 போர்டுக்குப் பெரிய அடாப்டரும் வேண்டும். திரை 144 ஹெர்ட்ஸ் வகை என்றால் டிஸ்ப்ளே கேபிளும் மாறலாம். போர்டு மாறினால் சீரியல் எண்ணும் விண்டோஸ் ஆக்டிவேஷனும் மாறும். பிராசஸர் போர்டோடு ஒட்டியே வருவதால் அதற்கும் சேர்த்துத்தான் விலை. கூட்டிப் பார்த்தால் பழைய லேப்டாப்பை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கும் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கழற்றிய போர்டு என்பதால் வாரண்டியும் பெயருக்குத்தான்.

மாற்றக்கூடிய கார்டு உள்ள லேப்டாப் உலகத்திலேயே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எம்எக்ஸ்எம் என்ற வகை 2004-லிருந்து இருக்கிறது, என்விடியா கொண்டுவந்தது. 82 மில்லிமீட்டர் அகலச் சிறு பலகை. நீளம் 70 மில்லிமீட்டர் என்றால் ஏ வகை, 105 என்றால் பி வகை. டெல் பிரிசிஷன் எம்4800, எம்6800, ஹெச்பி இசட்புக் 15, 17-இன் முதல் தலைமுறைகள், 2013 வாக்கில் வந்த ஏலியன்வேர் 17 போன்றவற்றில் இது இருக்கிறது. ரீஃபர்பிஷ்ட் கடைகளில் இந்த டெல், ஹெச்பி மாடல்கள் இன்றும் குறைந்த விலைக்குக் கிடைப்பதால் சொல்கிறேன். கார்டு மாறும் என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை வாங்காதீர்கள். ஹீட்சிங்கின் திருகுத் துளையும் சிப்பின் உயரமும் பொருந்த வேண்டும், பயாஸ் அந்தக் கார்டை ஏற்க வேண்டும், டிரைவர் கிடைக்க வேண்டும். எம்4800-இல் வந்த குவாட்ரோ கே1100எம், கே2100எம் எல்லாம் என்விடியாவின் பழைய கெப்லர் தலைமுறை. ஜிஃபோர்ஸ் கெப்லர் கார்டுகளுக்குப் புது கேம் ரெடி டிரைவர் தருவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. கார்டை எளிதாகக் கழற்றி மாட்டும்படி இன்று வரும் லேப்டாப் என்றால் ஃப்ரேம்வொர்க் 16; பின்பக்கம் கிராஃபிக்ஸ் மாட்யூலைத் தனியாகக் கழற்றலாம். ஆனால் நம் ஊர் கடையில் போய்க் கேட்டு வாங்குகிற பொருள் அல்ல.

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்பவர்களும் உண்டு. அவற்றில் கிராஃபிக்ஸ் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. மாற்றவோ கூட்டவோ அதில் எதுவும் இல்லை.

இனி உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களையும், அதாவது சிறிய அறை ஓடுவதையும் பெரிய வீட்டில் நின்றுபோய் மூடிக்கொள்வதையும் வைத்துப் பார்த்தால், சிப்பின் வேகம் போதாததை விட மெமரி நிரம்பி வழிவதுதான் காரணமாகத் தெரிகிறது. வேகம் போதாவிட்டால் எல்லாம் மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். நின்று நின்று போவதும் மூடிக்கொள்வதும் இடப் பற்றாக்குறையின் குணம்.

நீங்களே பார்த்துவிடலாம். லூமியனில் அந்தப் பெரிய வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும். ஒன்று பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல், மற்றது 1650. 1650-ஐச் சொடுக்கிக் கீழே டெடிகேட்டட் ஜிபியு மெமரி என்ற வரியைப் பாருங்கள். 3.6, 3.7 என்று 4 ஜிபியை ஒட்டி நின்றுகொண்டு, பக்கத்தில் ஷேர்டு ஜிபியு மெமரி என்ற எண் 1, 2 ஜிபி என ஏறிக்கொண்டே போனால் கார்டின் சொந்த மெமரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சத்தை விண்டோஸ் சாதாரண ரேமில் வைக்கிறது. 1650-இன் ஜிடிடிஆர்6 மெமரி விநாடிக்கு 192 ஜிபி வரை தரும். ஒற்றை டிடிஆர்4 3200 ரேம் குச்சி தருவது 25.6 ஜிபி, அதிலும் பிராசஸருக்குப் பங்கு உண்டு. அதனால்தான் படம் தத்துகிறது. உங்களிடம் ரேமே 8 ஜிபிதான். விண்டோஸ், ஸ்கெட்ச்அப், குரோம் எல்லாம் அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அதுவும் நிரம்பினால் எஸ்எஸ்டிக்கு வழிகிறது. அதற்கும் மேலே போனால் லூமியன் மூடிக்கொள்கிறது.

இந்த மெமரியை எது தின்கிறது என்று பார்த்தால், செட்டிநாட்டு வீட்டு மாடலில் பெரும்பாலும் தரைதான். ஆத்தங்குடிக் கல்லை ஃபோட்டோ எடுத்து 4096-க்கு 4096 பிக்சல் டெக்ஸ்சராக, அதாவது தரையின் மேல் ஒட்டும் படமாக, போடுகிறார்கள். சுருக்காமல் மெமரியில் ஏறினால் அந்த ஒரு படம் 64 எம்பி. தூரத்துக்குத் தூரம் பயன்படும் சிறிய பிரதிகளையும் சேர்த்தால் 85. நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என்று மூன்று மேப் போட்டால் ஒரு கல்லுக்கு 250 எம்பி. முகப்புக்கு ஒரு டிசைன், வளவுக்கு ஒன்று, பார்டருக்கு ஒன்று, பட்டாலைக்கு (கூடம்) ஒன்று என்று போனால் தரைக்கே ஒரு ஜிபி போய்விட்டது. இவ்வளவு தேவையா? எட்டு அங்குலக் கல்லுக்கு 1024 பிக்சல் கொடுத்தால் அங்குலத்துக்கு 128 பிக்சல் ஆகிறது. 15 அடி அகலம் தெரியும் ஒரு ஷாட்டை 3840 பிக்சல் அகலத்தில் ரெண்டர் எடுத்தால் அங்குலத்துக்கு 21 பிக்சல்தான் வெளியே வருகிறது. மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மெமரியில் கிடக்கிறது. பிக்சல் அளவைப் பாதியாக்கினால் மெமரி கால்வாசி ஆகும். 4096-இலிருந்து 1024-க்கு இறக்கினால் பதினாறில் ஒரு பங்கு. கல்லைக் கிட்டத்தில் காட்டும் ஒரே ஒரு ஷாட் இருந்தால் அந்தக் காட்சிக்கு மட்டும் தனிக் கோப்பில் பெரிய டெக்ஸ்சர் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லின் பளபளப்புக்காக லூமியனில் ரிஃப்ளெக்‌ஷன் பிளேன் போடுவீர்கள். ஒவ்வொரு பிளேனுக்கும் காட்சியை இன்னொரு முறை வரைய வேண்டியிருக்கிறது. தரை முழுவதும் ஒரே மட்டம் என்றால் ஒரு பிளேன் போதும். முற்றத்துக்கு ஒன்று, தாழ்வாரத்துக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டாம்.

அடுத்தது கதவு. இழைத்துச் செதுக்கிய தேக்கு நிலையை ஸ்கேன் செய்தோ இணையத்தில் இறக்கியோ போட்டால் ஒரு கதவிலேயே பத்து லட்சம் முக்கோணம் இருக்கும். ஷாட்டில் கதவு கட்டை விரல் அளவுதான் தெரிகிறது என்றால், தட்டையான கதவின் மேல் செதுக்கலின் மேடுபள்ள மேப்பை ஒட்டினாலே போதும். வளவுத் தூண்களை ஒவ்வொன்றாக வரையாமல் ஒரே காம்பொனன்ட்டாக வைத்து நகல் எடுங்கள். ஸ்கெட்ச்அப்பில் மாடல் இன்ஃபோ, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பர்ஜ் அன்யூஸ்டு என்று ஒரு முறை போய் வந்தால் பயன்படாமல் கிடக்கும் மெட்டீரியல்கள் கழியும். கோப்பு கண்ணெதிரே இளைக்கும். ஸ்கெட்ச்அப்பில் சுற்றிப் பார்க்கும்போது தயங்குவதற்குக் கார்டைத் திட்ட வேண்டாம். அந்த மென்பொருள் பெரும்பாலும் பிராசஸரின் ஒரே ஒரு கோரில் ஓடுகிறது. நிழலையும் புரொஃபைல் கோடுகளையும் அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

இவை காசில்லாத வேலைகள். காசு போட்டால் முதலில் ரேமில் போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் இன்னொரு ஸ்லாட் காலி. டிடிஆர்4, 3200, 1.2 வோல்ட், லேப்டாப்புக்கான சோடிம் வகை என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்5-ஐக் கொடுத்தால் அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், செருகாது. 8 ஜிபியோடு இன்னொரு 8 போட்டால் 16, இரண்டு சேனலிலும் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) ஓடும். 16 குச்சி போட்டால் 24. முதல் 16 வரை இரண்டு சேனல், மிச்சம் ஒரு சேனல். அதுவும் பரவாயில்லை. 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அதற்கு முந்தைய பில்லை மனத்தில் வைத்துக் கடைக்குப் போகாதீர்கள்.

பொருத்தும் முறை சிக்கலானது அல்ல. அடாப்டரைப் பிடுங்கி, ஷட்டவுன் செய்து, அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் கனெக்டரைப் போர்டிலிருந்து நகத்தால் மெல்லப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ரேமைக் கழற்றும்போது திருகு ஒன்று விழுந்தால் போர்டு போய்விடும். குச்சியை 30 டிகிரி சாய்வாக உள்ளே தள்ளி, தங்க நிறப் பல் முழுவதும் மறைந்த பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பிடிக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது ஒரு நிமிடம் வரை திரை கறுப்பாக இருக்கலாம், ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது. பயந்துபோய் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

தனிக் கிராஃபிக்ஸ் சிப் இல்லாமல் இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாம் குச்சி இன்னும் முக்கியம். 11-ஆம் தலைமுறை லேப்டாப்புகளில் ஒற்றை ரேம் போட்டிருந்தால் அந்தக் கிராஃபிக்ஸ் வெறும் யுஹெச்டி என்றுதான் டிவைஸ் மேனேஜரில் காட்டும். இரண்டாவது குச்சி போட்டதும் பெயரே ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறும், வேகமும் நன்றாகத் தெரியும்படி கூடும். சாதாரண லேப்டாப்பின் உள்ளேயே செய்யும் கிராஃபிக்ஸ் அப்கிரேடு என்று சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான்.

மென்பொருள் எந்தச் சிப்பில் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஸ்கெட்ச்அப் பல லேப்டாப்புகளில் சத்தமில்லாமல் இன்டெல்லில் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஸ்கெட்ச்அப்பையும் லூமியனையும் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் தேர்ந்தெடுங்கள்.

அடாப்டர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பேட்டரியில் ஓடும்போது 1650 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியோடு வந்தது 135 அல்லது 150 வாட் அடாப்டராக இருக்கும். அது கெட்டுப்போய் 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டினால் லேப்டாப் ஆன் ஆகும், ரெண்டர் ஊரும். டெல் லேப்டாப்பில் அடாப்டர் பின்னின் நடுவில் உள்ள மெல்லிய ஊசி அடையாளத்துக்கானது. அது வளைந்தாலோ அடாப்டர் போலியானாலோ லேப்டாப் அதை நம்பாமல் பிராசஸர் வேகத்தைக் கீழே இறக்கிவிடும்.

சூடு இன்னொரு பெரிய திருடன். சித்திரை, வைகாசியில் வெளியே 39, 40 டிகிரி அடிக்கும்போது மாடி அறையில் உட்கார்ந்து ரெண்டர் போட்டால், மார்கழியில் 78-இல் நின்ற சிப் 88-க்குப் போகும். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால் அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு சிப்பிலும் ஏறும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் சென்சார்ஸ் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி உண்டு. ரெண்டரின் நடுவில் அங்கே தெர்மல் என்று காட்டினால் சூட்டால் வேகம் குறைகிறது. பவர் என்று காட்டினால் வாட் எல்லையைத் தொட்டு ஓடுகிறது, அது இயல்பு. கீழ்த்தளத்துப் பட்டாலை மாடியை விடக் குளிர்ச்சி; வேலையை அங்கே மாற்றிப் பாருங்கள். ஆனால் தரை சில்லென்று இருக்கிறதே என்று லேப்டாப்பைக் கல்லின் மேலேயே வைத்தால் அடித் துளைகள் அடைபடுவதோடு தரையில் இருக்கும் புழுதியையும் உறிஞ்சும். பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள்.

வீடு இடித்துக் கட்டும் சைட்டுக்கு லேப்டாப் போய் வந்தால் சுண்ணாம்புத் தூசி ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. மூடியைத் திறந்து, ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு, அந்தப் பாளத்தை எடுக்க வேண்டும். சுற்றவிட்டு ப்ளோயர் அடித்தால் பேரிங் போகும். இரண்டு மூன்று வருடம் ஆன லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். ஹீட்சிங்கில் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை, மாட்டும்போது நேர் வரிசை; ஒவ்வொன்றையும் பாதி பாதியாக முடுக்க வேண்டும். மெமரி சிப்புகளின் மேலுள்ள தெர்மல் பேடு கிழிந்திருந்தால் அதே தடிமனில் புதிது போடுங்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு முதன்மைச் சிப்பை முழுதாகத் தொடாது. சர்வீஸுக்குப் பிறகு முன்பை விடச் சூடாக இருக்கிறது என்று வரும் புகார்களுக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

வெளியே கார்டு வைத்து இணைக்கும் வழி பற்றியும் கேட்பீர்கள். டைப்-சி போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் அது தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பு. டெஸ்க்டாப் கார்டு வைத்த பெட்டியை அதில் இணைக்கலாம். வெறும் டைப்-சி இருப்பதால் மட்டும் ஆகாது. 1650 போட்ட விலை குறைந்த கேமிங் மாடல்களில் தண்டர்போல்ட் பெரும்பாலும் இருப்பதில்லை. தண்டர்போல்ட் 3, 4 வழியாகக் கார்டுக்குப் போகும் பாதை 32 ஜிகாபிட். டெஸ்க்டாப்பில் கார்டு செருகும் பிசிஐஇ 4.0 எக்ஸ்16 ஸ்லாட் தருவது 256. ஆனாலும் காட்சி ஒரு முறை கார்டின் மெமரியில் ஏறிவிட்டால் ரெண்டரில் இழப்பு பெரிதாக இருக்காது. கேம் ஆடும்போதுதான் அடி விழும். மானிட்டரை நேராகக் கார்டில் இணைக்க வேண்டும். லேப்டாப் திரையிலேயே பார்த்தால் படம் அதே குறுகிய பாதையில் திரும்பி வர வேண்டியிருப்பதால் இன்னும் குறையும்.

தண்டர்போல்ட் இல்லையென்றால் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று இருந்தால் அதில் ரைசர் என்ற இணைப்புப் பலகை செருகி, கேபிளை வெளியே எடுத்து, அதில் கார்டையும் தனி எஸ்எம்பிஎஸ்ஸையும் (டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை) இணைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் ஆன் செய்த நிலையில் கழற்றவோ மாட்டவோ கூடாது. முதலில் எஸ்எம்பிஎஸ், பிறகு லேப்டாப் என்ற வரிசையில்தான் ஆன் செய்ய வேண்டும். கோட் 12 என்று டிவைஸ் மேனேஜரில் வந்தால் முகவரி இடம் போதவில்லை. உள்ளிருக்கும் 1650-ஐ டிஸேபிள் செய்து பாருங்கள். படம் திடீர் திடீரென்று உறைந்தால் கேபிளின் தரம் பிசிஐஇ 4.0 வேகத்துக்குப் போதவில்லை. பயாஸில் வழி இருந்தால் 3.0-க்கு இறக்குங்கள். அடி மூடி திறந்தே கிடக்கும், தூசி வரும், சைட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. கரண்டு போனால் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், ஆனால் எஸ்எம்பிஎஸ் அணைந்து கார்டு காணாமல் போகும். அந்த நொடியே விண்டோஸ் உறையும் அல்லது நீலத் திரை. இரவெல்லாம் ஓடும் ரெண்டருக்கு இது ஆகாது. என் கணக்கில் இது பொழுதுபோக்குக்காரர்களின் வழி. டெலிவரி தேதி வைத்து வேலை செய்பவருக்கு அல்ல.

டெக்ஸ்சர் அளவைக் குறைத்து, ரேம் கூட்டி, சூட்டையும் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்துகொள்ளுங்கள். லேப்டாப் வாடிக்கையாளரிடம் காட்டவும் சைட்டுக்குப் போகவும் இருக்கட்டும். லூமியனின் ரே டிரேசிங் வசதி (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) 1650-இல் கிடைக்காது, அதற்கு ஆர்டிஎக்ஸ் போல அதைச் செய்யக்கூடிய கார்டு வேண்டும் என்பதும் இங்கே சேர்கிறது. கார்டு வாங்கும்போது மாடல் எண்ணை விட மெமரியைப் பாருங்கள். முழு வீடு போடுபவருக்கு 8 ஜிபி 4060-ஐ விட 12 ஜிபி 3060 மேல். வசதி இருந்தால் 16 ஜிபி 5060 டிஐ. 3060 இழுப்பது 170 வாட், 5060 டிஐ 180. 3060-க்கு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும், 5060 டிஐக்கு என்விடியா சொல்வது 600 வாட்.

வேறு லேப்டாப்தான் வேண்டும் என்றால் பெட்டியில் எழுதிய பெயரை நம்பாதீர்கள். அதே 4060 ஒரு லேப்டாப்பில் 60 வாட்டில் ஓடும், இன்னொன்றில் 115 வாட்டில். டிஜிபி, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பின் வாட் எல்லை, எவ்வளவு என்று கேட்டு, அந்த மாடலின் ஸ்பெக் பக்கத்தில் சரிபார்த்து வாங்குங்கள். லேப்டாப்பில் 4060, 4070, 5060, 5070 நான்குமே 8 ஜிபிதான். 12 ஜிபி வேண்டுமென்றால் 4080 அல்லது 5070 டிஐ வரை ஏற வேண்டும், விலையும் கூடவே ஏறும். அந்த வித்தியாசத்தில் டெஸ்க்டாப்பே வந்துவிடும் என்பதால்தான் மேலே அதைச் சொன்னேன்.

டெஸ்க்டாப்பை அந்தப் பழைய வீட்டிலேயே வைக்கப் போகிறீர்களா? அப்படியானால் முதலில் எலக்ட்ரீஷியனை விட்டு எர்த்தைச் சோதியுங்கள். பல வீடுகளில் பழைய இரண்டு துளை ப்ளக் பாயின்ட். மூன்று துளை இருந்தாலும் எர்த் கம்பி எங்கும் போய்ச் சேராமல் சுவருக்குள் நிற்கும். எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக கேபினட்டில் சுமார் 115 வோல்ட் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கையில் சுருக்கென்று கடிப்பதோடு போகும். ஆனால் ஆன் நிலையில் ஹெச்டிஎம்ஐ கேபிளை டிவியிலோ புரொஜெக்டரிலோ செருகும்போது போர்ட்டைச் சுட்டுவிடும். கரண்டு போகும்போது தாங்க 600 விஏ யூபிஎஸ் போதாது, அது சுமார் 360 வாட்தான் தரும். ரெண்டரில் முழு சிஸ்டமும் மானிட்டரும் அதைத் தொட்டுவிடும். 1000 விஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையானால் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் மாறும் நொடியில் அணைந்துபோகலாம். சைன் வேவ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள், தம்பி. டெக்ஸ்சர் அளவைக் குறைத்த கோப்பைத் திறந்து வைத்து டெடிகேட்டட் மெமரி, ஷேர்டு மெமரி இரண்டு எண்ணையும் குறித்து அனுப்புங்கள். ஷேர்டு எண் 0.3 ஜிபிக்குக் கீழே இறங்கியிருந்தால் ரேம் குச்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.